திருப்பக் கூடாத சீர்

செப்டம்பர் 11, புதன்

இன்று காலை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தபோது இருந்தவர்கள்: வீட்டை விற்கும் ஆரோக்கியசாமி சார், அவர் மனைவி லூர்து அம்மா, தரகர் மைதீன் பாய், பத்திரம் எழுதுபவர், என் கணவர், நான், மகள் தாரணி. சிங்கப்பூரிலிருந்து என் தம்பி குணசீலன் போனில் இருந்தான். அவனையும் இருந்தவனாகவே எழுதிக்கொள்கிறேன்.

விலை முப்பத்தெட்டு லட்சம். வங்கிக் கடன் இருபத்திரண்டு. எங்கள் கையில் ஏழு. மீதி ஒன்பதும் தம்பி தருவதாகச் சொல்லியிருக்கிறான். இன்று கொடுத்த இரண்டு லட்சம் அந்த ஏழில் சேர்ந்தது. நவம்பர் 8-க்குள் மொத்தப் பணமும் கொடுத்துப் பதிவு செய்யாவிட்டால் அந்த இரண்டு லட்சம் திரும்பி வராது. பத்திரக்காரர் அந்த வரியை வாசித்தபோது இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். என் கணவர் மட்டும் "சரி சரி" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"வீடியோவுல வாடா, சாமி ரூமைக் காட்டுறேன்" என்று தம்பியைக் கூப்பிட்டேன். "சிக்னல் சரியில்லக்கா, நேர்ல வந்து பாத்துக்கறேன்" என்றான். நாலைந்து மாதமாக அவனுக்குச் சிக்னல் சரியில்லை.

லூர்து அம்மா எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். எனக்கு இறங்கவில்லை. சமயபுரத்தாளே, இருபத்தாறு வருட வாடகை வாழ்க்கைக்கு முடிவு வரும் நேரத்தில் சந்தோஷப்படாமல் ஏன் இப்படி நடுங்குகிறேன்?

செப்டம்பர் 16, திங்கள்

இட்லிக்கு ஊறப் போட்டுக்கொண்டிருந்தபோது போனில் மெசேஜ் வந்தது. என் கணக்கில் ஒன்பது லட்சம். பூஜ்ஜியங்களைத் தாரணியை விட்டு எண்ணச் சொன்னேன். அவளும் எண்ணிவிட்டு, "அம்மா, மாமா கெத்து" என்றாள்.

தம்பியைக் கூப்பிட்டேன். "எப்படிடா இவ்வளவு?" என்றேன்.

"சேத்து வச்சதுக்கா. எனக்குன்னு ஒரே அக்கா. வீட்டுச் சீர் செய்ய வேணாமா?"

அவன் சம்பளம் எனக்குத் தெரியும். மணப்பாறையில் மஞ்சுளாவுக்கு மாதா மாதம் அனுப்புவதும் தெரியும். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, தங்குமிடத்தில் அவன் சாப்பாடு, போன வருடம் அங்கே போக ஏஜெண்டுக்குக் கட்டிய பணம். எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். ஒன்பது வரவில்லை. இரண்டு கூட வரவில்லை. பிறகு கூட்டுவதை விட்டுவிட்டு மாவு அரைக்கப் போனேன்.

பொங்கலுக்குப் பேசும்போது, எதிர்வீட்டு ஜோதிக்கு அவள் அண்ணன் வீடு வாங்கப் பாதிப் பணம் கொடுத்தார் என்று அவனிடம் சொன்னேன். அது சும்மா பேச்சுக்குச் சொன்னது. கேட்டதாக ஆகாது.

செப்டம்பர் 20, வெள்ளி

வங்கிக்குப் போனோம். இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும், ஏனென்றால் தவறு என்மேல்தான் என்று அவர் சொல்கிறார்.

கடன் பிரிவில் கண்ணாடி போட்ட சின்னப் பெண் ஒருத்தி. மரியாதையாகத்தான் பேசினாள். "இந்த ஒன்பது லட்சம் யார் குடுத்ததும்மா?"

"என் தம்பிங்க."

"கடனா, அன்பளிப்பா?"

"சீருங்க."

"சீர்னா அன்பளிப்புதானே? திருப்பித் தர வேண்டியதில்லைல?"

அதற்கு நான், "அதெப்படிங்க தராம இருக்க முடியும்? அவன் வீட்டுல ஒரு விசேஷம்னா நாங்க செய்யணும்ல. வாங்குனதுக்கு ஒரு ரூபாயாவது மேல வச்சுச் செய்யறதுதானே முறை" என்றேன்.

மேசைக்கு அடியில் அவர் என் காலை மிதித்தார். ஏன் மிதிக்கிறார் என்று புரியாமல் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அதையும் அந்தப் பெண் பார்த்துவிட்டாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்ப இது கடன்தான்மா. இன்னொரு கடன் இருக்குன்னா நாங்க குடுக்கற தொகை குறையும்."

அவர் என்னவோ சொல்லிச் சமாளித்தார். கடைசியில் அவள் கேட்டது இது: தம்பி தன் கையால் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். இது அன்பளிப்பு, எப்போதும் திருப்பிக் கேட்க மாட்டேன், அந்த வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று அதில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் நகல் வேண்டும். பணம் அவனுக்கு எப்படி வந்தது என்பதற்கும் ஒரு தாள் வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "உண்மை பேசறதுக்கு அது என்ன கோயிலா? வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல சௌந்தரம்" என்றார்.

சாயங்காலம் விளக்கேற்றும்போது திரி இரண்டு முறை அணைந்தது. காற்றுதான். ஜன்னல் திறந்திருந்தது.

செப்டம்பர் 23, திங்கள்

தம்பியிடம் கடித விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தான். "அக்காவுக்குக் குடுத்ததத் திருப்பிக் கேக்க மாட்டேன்னு எழுதித் தரணுமா? என்னைய எவ்வளவு கேவலமா நெனச்சிருக்கானுங்க!"

"எல்லாருக்கும் அப்படித்தானாம்டா. கையெழுத்துப் போட்டு யார்கிட்டயாவது குடுத்தனுப்பு."

"கையெழுத்துதான் வேணுமாக்கா? ரேகை வச்சா ஆகாதா?"

"ஐ.டி.ஐ. படிச்சவன் ரேகை வைப்பானா? கேலி பண்ணாத."

"சரிக்கா."

"பணம் எப்படி வந்ததுன்னு ஒரு தாளும் கேக்கறாங்க."

"அது எதுக்கு அவங்களுக்கு?" என்றான். குரல் ஒரு மாதிரி ஏறியது. அப்புறம், டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டான்.

அங்கே அப்போது சாப்பாட்டு நேரம். டூட்டி நேரமில்லை. கப்பல் பட்டறையில் இரண்டு ஷிப்டும் எனக்கு மனப்பாடம்.

செப்டம்பர் 27, வெள்ளி

தம்பியிடமிருந்து ஒன்றும் இல்லை. வாடகை 8,500. பால் 1,240. கேஸ் 820. வீட்டு ஓனர் ஜனவரியில் காலி செய்யச் சொன்னதை இன்றும் ஒரு முறை ஞாபகப்படுத்தினார்.

அக்டோபர் 3, வியாழன்

நவராத்திரி ஆரம்பம். சுண்டல் வேகவில்லை. தம்பி குரல் செய்தி அனுப்பினான்: கடிதம் வருகிறது, கவலைப்படாதே. இந்த வருடம் அவன் எழுதி அனுப்பிய செய்தி ஏதாவது இருக்கிறதா என்று போனில் மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். சித்திரை மாதத்தோடு எழுத்து நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு எல்லாமே குரல்தான்.

சோம்பேறி ஆகிவிட்டான்.

அக்டோபர் 8, செவ்வாய்

லீவில் வந்த ஒருவர் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். தம்பியோடு ஒரே அறையில் தங்கியிருப்பவராம், துவாக்குடிக்காரர். உள்ளே வந்து காபி சாப்பிடச் சொன்னேன். "இல்லீங்கக்கா, வண்டி நிக்குது" என்றார். வாசலில் வண்டி எதுவும் நிற்கவில்லை. படி இறங்கியவர் திரும்பி, "குணா வந்தா நல்லாப் பாத்துக்குங்க" என்றார்.

"ஏங்க, அவனுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்கக்கா. பொதுவாச் சொன்னேன்."

கடிதத்தைப் பிரித்தேன். விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்திருந்தது. கீழே கையெழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் போட்டது மாதிரி ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து கிடந்தது. 'குண' வரை ஓர் உயரம், அப்புறம் பள்ளத்தில் விழுந்து கிடக்கிறது. தம்பி கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஊர்த் திருவிழா நோட்டீஸ் பலகை எழுத அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

யாரையோ போடச் சொல்லியிருக்கிறான். ஏன்? பணம் எப்படி வந்தது என்ற தாளையும் காணோம். ஏதாவது தப்பான வழியில் வந்த பணமா? என் கணக்கில் அல்லவா கிடக்கிறது? அவரிடம் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தார். "இது போதும். குடுத்துப் பார்ப்போம்" என்றார்.

அக்டோபர் 10, வியாழன்

போதவில்லை. பாஸ்போர்ட்டில் இருக்கும் கையெழுத்தையும் இதையும் அந்தப் பெண் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "உண்மையிலேயே இதை உங்க தம்பிதான் போட்டாரா? வேற யாராவது போட்டிருந்தா பெரிய பிரச்சினை ஆயிடும்மா. நீங்களும் சேந்து மாட்டுவீங்க."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர், "அவசரத்துல போட்டிருப்பான் மேடம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு ஆச்சரியமே இல்லை. ஒருவேளை எனக்குத்தான் பயம் அதிகமோ.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டேன். "நிசமாச் சொல்லு. யாரை விட்டுப் போடச் சொன்ன?"

"நாந்தாங்கா போட்டேன்."

"சத்தியமா?"

"அம்மா மேல சத்தியமா நாந்தான் போட்டேன். பஸ்ல வச்சுப் போட்டேன், ஆடிடுச்சு."

இறந்துபோன அம்மா மேல் அவன் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டான். ஆனால் பஸ் ஆட்டத்தில் எழுத்து அப்படிச் சாயாது; அது பொய். இரண்டும் எப்படி ஒரே வாயில் வரும்?

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அரிவாள்மனை, கத்தி, அவர் சைக்கிள், தாரணி புத்தகம், மிக்ஸி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். கும்பிடும்போது ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் சமயபுரத்தாள் எதைக் கொடுத்துவிடுவாளோ என்று இருந்தது.

அக்டோபர் 14, திங்கள்

அவரிடம் சமயபுரம் போவதாகச் சொல்லிவிட்டு மணப்பாறை பஸ் ஏறினேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் போகிற இடத்தை மாற்றிச் சொன்னதில்லை. பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்ப்பது மாதிரி இருந்தது.

மஞ்சுளா வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த புடவை அப்படியே வாளிக்குள் விழுந்தது. "வாங்க அண்ணி" என்றாள். தண்ணீர் கொடுத்தாள்.

நான்தான் ஆரம்பித்தேன். "மஞ்சுளா, குணாவுக்கு என்ன? அந்தக் கையெழுத்து அவன் போட்டதில்ல."

"அவரு போட்டதுதான்."

"அப்ப ஏன் அப்படி இருக்கு?"

"இடது கையால போட்டா அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை என்று எழுதினால் அது உண்மையாகாது. புரிந்துவிட்டது. ஆனாலும், "ஏன் இடது கையால?" என்று கேட்டேன்.

அவள் தன் வலது கையை என் முன்னால் நீட்டினாள். நடு மூன்று விரல்களையும் மடக்கிக் காட்டினாள். "இது மூணும் இல்ல. சித்திரைல இரும்புத் தகடு தூக்கற சங்கிலி அறுந்து விழுந்துச்சு. நஷ்ட ஈடுன்னு பதினாலு லட்சம் குடுத்தாங்க. ஏஜெண்டுக்கு வாங்குன கடன் அடைக்க அஞ்சு போச்சு. மிச்சம் ஒம்போதும் உங்க கணக்குலதான் இருக்கு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "எனக்கு ஏன் சொல்லல? தெரிஞ்சா நான் கேட்டிருப்பேனா?"

"நீங்க கேக்கல அண்ணி." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க எப்பவும் எதையும் கேக்க மாட்டீங்க. எதிர்வீட்டுக் கதைதான் சொல்லுவீங்க."

அவள் சின்ன மகள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "போய் படி" என்று மஞ்சுளா விரட்டினாள்.

"நீ வேணாம்னு சொல்லலையா மஞ்சுளா?"

"சொன்னேன். நாலு நாள் பேசாமக்கூட இருந்தேன். 'அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துல கூடப்பொறந்தவன் வெறுங்கையோட நின்னா நாலு பேர் என்ன சொல்லுவாங்க'ன்னாரு. கைல வெரலே இல்ல, இதுல வெறுங்கை வேற." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது.

"நான் திருப்பி அனுப்பிடறேன். முழுசா."

"வேணாம் அண்ணி. செஞ்ச சீரைத் திருப்பினா உங்க ஒறவே வேணாம்னு அர்த்தம். எங்க சித்தப்பா வீட்டுல ஒரு பித்தளை அண்டாவைத் திருப்பினாங்க. இன்னிக்கு வரைக்கும் பேச்சு இல்ல, சாவுக்கும் போகல. வேலை போனதைக் கூட இவரு தாங்கிட்டாரு. இத தாங்க மாட்டாரு."

"வேலையும் போயிடுச்சா?"

"இந்த மாசத்தோட பர்மிட் முடியுது. தீபாவளிக்கு முன்ன வந்துருவாரு."

கிளம்பும்போது கேட்டேன்: "உனக்கு என்ன வேணும் மஞ்சுளா? அவனை விடு. உனக்கு?"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டே சொன்னாள். "என்னையா கேக்குறீங்க? ரெண்டு கறவை மாடு வாங்கலாம்னு வெல விசாரிச்சு வச்சிருந்தேன். அவ்வளவுதான்."

அக்டோபர் 15, செவ்வாய்

நேற்று மணப்பாறை போனதை அவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன். "குணாவுக்குக் கையில அடிபட்டிருக்கு. அந்தப் பணம் அதுக்கு வந்தது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டே, "வலது கை போனவனுக்குப் பட்டறையில என்ன வேலை இருக்கு? அதான் வந்துடறான். இங்க வந்து ஏதாவது கடை கிடை பாத்துக்குவான்" என்றார்.

வலது கை என்று நான் சொல்லவில்லை. அவன் வருகிறான் என்றும் சொல்லவில்லை.

நான் பார்த்த பார்வையில் அவருக்கும் தெரிந்துவிட்டது. குழாயை மூடாமல் அப்படியே நின்றார். "ஆடில சொன்னான். 'அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா, சொன்னா வாங்காது'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு அம்பத்தாறு வயசு சௌந்தரம். ரெண்டு வருசத்துல வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அப்புறம் எவன் எனக்கு லோன் தருவான்? ஜனவரில சட்டி பானையத் தூக்கிட்டு எந்தத் தெருவுல போயி வீடு தேடுவ? அவனா குடுக்கறான். நான் கேக்கல."

எங்கள் வீட்டில் யாருமே எதையும் கேட்பதில்லை.

அவர்மேல் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும். பயமாகத்தான் இருக்கிறது. ஆடியிலிருந்து இன்று வரை எத்தனை வேளை இவருக்குச் சோறு போட்டிருப்பேன். ஒரு வேளையாவது முகத்தில் தெரிந்திருக்க வேண்டாமா? தெரிந்து, நான்தான் பார்க்காமல் இருந்தேனா? இதற்கு மேல் எழுதத் தைரியம் இல்லை.

அக்டோபர் 16, புதன்

மாவு அரைத்தேன். தாரணிக்குத் தேர்வுக் கட்டணம் 1,150. காலையில் அவர் செருப்பைச் சத்தமாகப் போட்டார். வேலைக்குப் போகும்போது, "அந்தக் காயத்துக்கான ஆஸ்பத்திரித் தாளை வாங்கி பேங்க்ல குடுத்துட்டா கையெழுத்துப் பிரச்சினை தீந்துரும். நான் பேசிக்கறேன். நீ வாயத் தொறக்காத" என்றார்.

அவர் சொல்வது சரி. அந்தத் தாளைக் கொடுத்தால் கடன் கிடைத்துவிடும். நவம்பர் 8-க்கு முன்பே பதிவு முடிந்துவிடும். தை பிறந்தால் அந்தச் சாமி அறையில் நான் விளக்கேற்றலாம். கூடத்தில் குணா உட்கார்ந்திருப்பான். யாராவது தாம்பூலம் கொடுத்தால் இடது கையால் வாங்கலாமா என்று யோசிப்பான்.

அக்டோபர் 18, வெள்ளி

பத்து மணிக்குத் தனியாக வங்கிக்குப் போனேன். அந்தப் பெண் என் பின்னால் எட்டிப் பார்த்தாள். "சார் வரலையாம்மா?"

"வரலீங்க. இந்த ஒன்பது லட்சத்தை வேற கணக்குக்கு அனுப்பணும்."

"யாருக்கு?"

"தம்பி பொண்டாட்டிக்கு."

"அப்ப உங்க லோன்?"

"இப்ப வேணாங்க."

அவள் ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். இந்தப் படிவத்தை இதுவரை அவர்தான் நிரப்புவார். நானே நிரப்பினேன். கணக்கு எண்ணை மூன்று முறை சரிபார்த்தேன். கையெழுத்துப் போடும்போது என் பெயரே கோணிக்கொண்டது. சரியில்லை என்று அந்தப் பெண் இன்னொரு படிவம் கொடுத்தாள். இரண்டாவது சரியாக வந்தது. கமிஷன் பிடித்தார்கள். அரை மணி நேரத்தில் மஞ்சுளா போன் செய்தாள். ஒன்றும் பேசவில்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன், வத்தக்குழம்பு வைத்தேன். அவர் ஆறு மணிக்கு வருவார். வந்ததும் சொல்லிவிட வேண்டும். ஆரோக்கியசாமி சாரிடம் போய் அட்வான்ஸில் பாதியாவது தருவாரா என்று கேட்க வேண்டும். தரமாட்டார். எழுதியிருப்பதை வாசித்தபோது நானும்தானே இருந்தேன்.

இன்று மதியம் தம்பிக்கு அனுப்பியதை இங்கே எழுதி வைக்கிறேன்:

குணா, அக்கா எழுதுகிறேன். உன் பணத்தை முழுவதும் மஞ்சுளா கணக்குக்கு அனுப்பிவிட்டேன். சீரைத் திருப்பினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்த அர்த்தத்தில் அனுப்பவில்லை. இது சீர் இல்லை தம்பி, இது உன் கை. வங்கியில் கேட்ட மாதிரி, 'எனக்கு உரிமை இல்லை' என்ற வரிக்குக் கீழே உன்னைக் கையெழுத்துப் போட வைத்துவிட்டேன். அந்தக் கடிதத்தை வங்கியிலிருந்து வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டேன். மஞ்சுளா மாடு விலை விசாரித்து வைத்திருக்கிறாள், வாங்கிக்கொள்ளட்டும். எங்களுக்கு வாடகைக்கு வேறு வீடு கிடைக்கும். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. ரொம்பப் பயமாக இருக்கிறது. அவரிடம் சொல்வதைவிட உன் பதிலை நினைத்தால்தான் அதிகப் பயம். நீ இறங்குகிற அன்று விமான நிலையத்துக்கு நான் வரலாமா, கூடாதா? இது ஒன்றுதான் கேட்கிறேன். இந்த முறை நேராகவே கேட்கிறேன். எழுத வேண்டாம், பேசினால் போதும். சீக்கிரம் பதில் சொல்.